ஒரு மதிப்பெண் கேள்விக்குள் அடங்காத பேச்சு

'மக்களால், மக்களுக்காக, மக்களே நடத்தும் ஆட்சி.' சொன்னவர் யார் என்று வகுப்பில் கேட்டால் எல்லாக் கையும் உயரும்: ஆபிரகாம் லிங்கன். எங்கே சொன்னார் என்றால் நாடாளுமன்றம், தேர்தல் மேடை என்று ஆளுக்கொரு பதில் வரும். வரலாறு நடத்தும் எனக்கு இது ஆண்டுதோறும் மனதை உறுத்துகிற விஷயம். அவர் பேசியது, அடக்கம் இன்னும் முடியாத ஒரு கல்லறைத் தோட்டத்தில்.

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய சண்டை நடந்தது. இரு தரப்பிலும் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று சுமார் 50,000 பேர். அவசரத்தில் வயல்களில் மேலோட்டமாகப் புதைத்த, லிங்கனின் அரசுக்காகப் போரிட்ட வடதரப்பு வீரர்களைத் தோண்டியெடுத்து முறையாக அடக்கம் செய்யத்தான் புது நிலம் வாங்கினார்கள். தோண்டியது பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயியும் அவருடைய ஆட்களும். மேற்பார்வை பார்த்த சாமுவேல் வீவர், கடிதமோ பெயர் எழுதிய பொருளோ கிடைக்காதா என்று ஒவ்வொரு உடலின் சட்டைப்பையையும் துழாவினார். அப்படியும் ஏறத்தாழ ஆயிரம் பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை. நவம்பர் 19 அன்று அந்தக் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழா நடந்தபோது பாதி வேலைகூட முடியவில்லை.

அன்றைய முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட்; இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து வந்த லிங்கன் பேசியது பத்தே வாக்கியங்கள்.

அதில் எதிரியைத் திட்டவில்லை, வெற்றியைக் கொண்டாடவில்லை, ஒரு தளபதியின் பெயரும் இல்லை. எல்லா மனிதரும் சமம் என்ற 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலை அறிவிப்பில் தொடங்குகிறார். இந்த மண்ணைப் புனிதமாக்க நம்மால் ஆகாது, இங்கே போராடியவர்களே அதைச் செய்துவிட்டார்கள் என்கிறார். அப்புறம் உயிரோடு இருப்பவர்கள் பக்கம் திரும்புகிறார்: இறந்தவர்கள் முடிக்காமல் விட்ட வேலை இனி நம்முடையது. மக்களே நடத்தும் ஆட்சி உலகிலிருந்து அழிந்துவிடக் கூடாது என்று அங்கே நின்று உறுதி எடுக்கச் சொல்கிறார். நாம் மனப்பாடம் செய்த வரி அந்த நீண்ட கடைசி வாக்கியத்தின் வால்தான். போர் முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. அழிந்துவிடுமோ என்ற பயம் நிஜமான பயம்.

ஆசிரியர்களே, முழுப் பேச்சையும் வாய்விட்டு வாசிக்க வையுங்கள். மூன்று நிமிடம் போதும். எதிர்த்தரப்பான தென்மாநிலங்களின் படையில் இறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தத் தோட்டத்தில் அவர்களுக்கு இடம் தரவில்லை, 1870களில்தான் பெரும்பாலானவர்களைத் தெற்கே கொண்டுபோனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.