குழாய்க்குள் எரிகிற பனிக்கட்டி

"அரபிக்கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலில் கிடைத்த வாயுவை உடனே கரைக்குக் கொண்டுவராமல் ஆரம்பத்தில் ஏன் எரித்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பாதி பதில் எளிது. மும்பையின் டிராம்பேயில் 1954-55லேயே சுத்திகரிப்பு ஆலைகள் வந்துவிட்டன, ஆனால் அங்கே காய்ச்சியது கப்பலில் வந்த வெளிநாட்டுக் கச்சா எண்ணெய். 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் கப்பல் நம் கடலிலேயே எண்ணெயைத் தொட்டது, 1976ல் உற்பத்தி ஆரம்பம். எண்ணெயைக் கப்பலில் ஏற்றிவிடலாம். கூடவே வரும் வாயுவுக்குக் குழாய் வேண்டும், அது மும்பைக்கு அருகே கரையிலிருக்கும் உரானுக்கு வந்தது 1978ல்தான். அதுவரை கடலில் நிற்கும் உற்பத்தி மேடையிலேயே வாயு தீப்பந்தமாக எரிந்தது.

சரி, குழாய் போட்டால் போதுமா? போதாது, இங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது. கிணற்றிலிருந்து வரும் வாயு ஈரமானது. அழுத்தமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் 20 நீர் மூலக்கூறுகள் கைகோத்து, 12 ஐங்கோண முகங்களோடு கால்பந்து மாதிரி ஒரு கூண்டு கட்டி, நடுவில் வாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனின் ஒரே ஒரு மூலக்கூறைச் சிறை வைத்துவிடும். மீத்தேனுக்கும் கூண்டுக்கும் வேதிப்பிணைப்பு கிடையாது. ஆனாலும் உள்ளே ஆள் இல்லாவிட்டால் கூண்டு நிற்காது! இப்படிக் கூண்டு கூண்டாக அடுக்கி வளர்வதுதான் ஹைட்ரேட். பார்க்கப் பனிக்கட்டி, தீக்குச்சி வைத்தால் எரியும். வளிமண்டலத்தைப்போல் 40 மடங்கு அழுத்தம் இருந்தால் 4 டிகிரி செல்சியஸிலேயே உறைந்து, குழாயை அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கினால் அடைப்பு துப்பாக்கிக் குண்டாகப் பாயும்.

அதனால் வாயுவை முதலில் உலர்த்துவார்கள். உயரமான கோபுரத்தில் வாயு மேலே ஏறும், கிளைகால் என்ற பிசுபிசுப்பான திரவம் மேலிருந்து வழிந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் அதைச் சூடாக்கி நீரை விரட்டிவிட்டு மறுபடி மேலே ஊற்றுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1810 வாக்கில் குளோரினும் நீரும் சேர்ந்து இப்படிப் படிகமாவதைக் கவனித்தபோது அதனால் யாருக்கும் காலணா லாபம் இல்லை. 1934ல்தான் ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்கப் பொறியாளர் எரிவாயுக் குழாய்களை அடைப்பது இதே சங்கதி என்று எழுதினார். ஆராய்ச்சிக்குக் காசு கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் அதிகாரிகளிடம் இந்த இரண்டு வருடங்களையும் எழுதிக் கொடுக்கலாம்.

குழாய் மட்டுமல்ல. 2010ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, கசிவுக்கு மேல் ஒரு பெரிய இரும்புக் கூடாரத்தைக் கவிழ்த்தார்கள். அதன் வாயையும் ஹைட்ரேட் அடைத்துவிட்டது, கூடாரத்தை ஓரமாக நகர்த்தி வைக்க வேண்டியதாயிற்று.