அமெரிக்கத் தொடக்கப்பள்ளியின் மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் வீடு தேடத் தொடங்கும் தமிழ்க் குடும்பங்கள், அந்த வட்டாரத்துப் பொதுத் தொடக்கப்பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கின்றன. அந்த எண் ஒன்று கூடினாலே வீட்டு விலையும் கூடுவதை ஏற்றுக்கொண்டு கடன் வாங்குபவர்களும் உண்டு. ஒரு வட்டாரத்தின் பொதுப்பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பான பள்ளி மாவட்டம் ஒன்றில் தேர்வுத் தரவுகளைக் கையாளும் பணியில் இருப்பதால், பெற்றோர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அந்த எண்ணின் அடிப்படைகளில் ஒன்றான தேர்ச்சி விகிதத்தின் (மாநிலத் தேர்வில் தேறியோரின் பங்கு) பெரும்பகுதி அந்தப் பள்ளி எப்படிக் கற்பிக்கிறது என்பதைச் சொல்வதில்லை, அங்கே எத்தகைய வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்பதையே சொல்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் லட்சக்கணக்கான மாணவர்களை ஆராய்ந்து 1966இல் வெளியான அரசு அறிக்கையே, பள்ளிக்குப் பள்ளி காணப்படும் வசதி வேறுபாடுகளைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. அண்மைக் காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் குழுவினர் நாடு முழுவதன் தேர்வு முடிவுகளையும் ஒப்பிட்டபோது, சராசரி மதிப்பெண் குடும்பங்களின் வசதியோடு மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதும், ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் அடையும் வளர்ச்சிக்கும் வசதிக்கும் உள்ள தொடர்பு மிகவும் தளர்வாக இருப்பதும் தெரியவந்தன. வசதி குறைந்தோர் வாழும் பகுதிகளிலும் பிள்ளைகளை வேகமாக முன்னேற்றும் பள்ளிகள் இருக்கின்றன என்பதே இதன் பொருள். தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அவை தட்டுப்படுவதே இல்லை.

அந்த விகிதம் எப்படி உருவாகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 2002இல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டமும், அதன் இடத்துக்கு 2015இல் வந்த சட்டமும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்தச் சொல்கின்றன. ஆகவே, கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் பாதி வகுப்புகளின் முடிவுகள்தாம் கணக்கில் வருகின்றன. எழுத்தறிவுக்கு அடித்தளமிடும் முதல் மூன்று ஆண்டுகள் அதில் நேரடியாகத் தெரியாது. மூன்றாம் வகுப்புத் தேர்வுதான் முதல் தேர்வு என்பதால் வளர்ச்சியை நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் மட்டுமே அளக்க முடியும். ஒரு வகுப்பில் 60 பேர் என்றால், ஐந்து பிள்ளைகளின் முடிவு மாறினாலே அந்த வகுப்பின் விகிதம் 8 புள்ளிகளுக்கு மேல் ஏறும் அல்லது இறங்கும். ஓராண்டுச் சரிவைக் கண்டு பள்ளியை மாற்றத் துணிபவர்களிடம், மூன்றாண்டு எண்களையாவது சேர்த்துப் பாருங்கள் என்றே வேண்டிக்கொள்கிறேன். மாநிலம் விட்டு மாநிலம் ஒப்பிடுவதும் பயன் தராது. எது தேர்ச்சி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வரையறுக்கிறது.

மாணவர் பின்னணியைக் காட்டும் பட்டியலிலும் அதே கவனம் வேண்டும். வறுமையின் அளவுகோலாக நெடுங்காலம் பயன்பட்டு வருவது இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறுவோரின் பங்கு. குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம், 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் சலுகை விலை. ஆனால் 2010இன் சட்டம் ஒன்றின் வழியாக, தகுதியுள்ள பள்ளிகள் தனித்தனி விண்ணப்பமின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உணவு வழங்கலாம் என்றானபின், அத்தகைய பள்ளியின் பட்டியலில் 100 விழுக்காடு என்று இருந்தாலும் அங்குள்ள அனைவரும் ஏழைகள் என்று கொள்ள முடியாது. ‘ஆசியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் மென்பொருள் பொறியாளரின் பிள்ளையும் அண்மையில் அகதியாக வந்த குடும்பத்தின் பிள்ளையும் அடங்குவதால், அந்தச் சராசரி இருவரில் எவரையும் சரியாகக் காட்டுவதில்லை.

ஆங்கிலம் கற்போர் என்ற பிரிவு நம்மவர்க்கு நேரடியாகத் தொடர்புடையது. அந்தப் பிரிவின் மதிப்பெண் தாழ்ந்திருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். ஆங்கிலத்தில் தேறிய பிள்ளை அப்பிரிவிலிருந்து வெளியேறிவிடுகிறது, புதிதாக வந்த பிள்ளை அதில் சேர்கிறது. ஆகவே எவ்வளவு சிறந்த பள்ளியிலும் அந்த எண் தாழ்ந்தே இருக்கும். வெளியேறியவர்களை நான்கு ஆண்டுகள் வரை அதே பிரிவில் சேர்த்துக் கணக்கிட 2015இன் சட்டம் இடம் தந்தது இதை ஓரளவு சரிசெய்யத்தான். பிள்ளையைச் சேர்க்கும்போது தரப்படும் வீட்டுமொழிப் படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளை ஒதுக்கப்படும் என்றெண்ணி ‘ஆங்கிலம்’ என்று மட்டும் எழுதும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து உள்ளதை எழுதுங்கள். படிவத்தில் வேற்றுமொழி இருந்தால் பள்ளி ஆங்கிலத் திறனைச் சோதிக்கும், அவ்வளவே. போதிய திறனுள்ள பிள்ளை வழக்கமான வகுப்பிலேயே தொடரும், தேவையுள்ள பிள்ளைக்குச் சட்டப்படி உதவி கிடைக்கும். மறைத்துவிட்டால் அந்த உதவிக்கான வழி அடைபடக்கூடும்.

வருகைப் பதிவு இன்னொன்று. பள்ளி நாட்களில் 10 விழுக்காடு வராத பிள்ளை நீண்டநாள் வராதோர் கணக்கில் சேரும். 180 நாள் ஆண்டில் அது 18 நாள். முன்கூட்டியே அனுமதி பெற்ற விடுப்பும் இதில் அடங்கும் என்பதால், பள்ளி நடக்கும் காலத்தில் ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தாலே போதும்.

ஒரு பள்ளியின் அறிக்கை என் கைக்கு வந்தால், மொத்தத் தேர்ச்சியைத் தாண்டி வளர்ச்சி எண்ணுக்குத்தான் முதலில் போவேன். மாசசூசெட்ஸ், கொலராடோ, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள், முந்தைய ஆண்டுகளில் ஒத்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளோடு ஒவ்வொரு பிள்ளையையும் ஒப்பிட்டு இந்த எண்ணைத் தருகின்றன. 50 என்பது நடுநிலை. அடுத்து, வசதி குறைந்த பிள்ளைகளின் வளர்ச்சியைத் தனியே பார்ப்பேன். பிள்ளைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்று அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தால், பள்ளி முதல்வரை நேரில் சந்தித்து, மூன்றாம் வகுப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு என்ன உதவி தருகிறீர்கள், அதை யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தருகிறார் என்று கேட்கலாம்.