இறந்த அலைவரிசை

வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரைத் தாங்களே கட்டுகிறவர்களுக்கான தமிழ் வழிகாட்டி ஒன்றைப் படித்தேன். "இடது அலைவரிசை இறந்துவிட்டால் முதலில் குழாயை மாற்றிப் பாருங்கள்" என்றிருந்தது. குழாயடியில் ஏதோ சாவு விழுந்த மாதிரி இருக்கிறது. வால்வின் இன்னொரு பெயரான 'ட்யூப்' என்பதைக் குழாய் ஆக்கியதைக்கூட மன்னித்துவிடலாம். 'வால்வு ரேடியோ' என்று எல்லோரும் சொல்லிப் பழகிய சொல்லை விட்டது தப்புதான், போகட்டும். 'சேனல்' என்பதை அலைவரிசை ஆக்கியதைத்தான் தாங்க முடியவில்லை. எத்தனையாவது தடவை!

சேனல் என்பது லத்தீனின் கனாலிஸிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். வேர் கன்னா, அதாவது நாணல். 'கெனால்' இதன் உடன்பிறப்பு. தண்ணீர் ஓடும் வழி, நம் வாய்க்கால். அவ்வளவுதான்.

தொலைக்காட்சிக்கு 'அலைவரிசை' என்று பெயர் வைத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே அப்போது ஒவ்வொரு சேனலுக்கும் தனி அதிர்வெண் பட்டை இருந்தது, சொல்லுக்குப் பொருள் இருந்தது. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் அப்படி என்ன இருக்கிறது? இடதிலும் வலதிலும் ஓடுவது அதே 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்தான். வேறுபாடு அலையில் இல்லை, அது போகும் வழியில் இருக்கிறது. "இடது அலைவரிசை வரவில்லை என்றால் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, மட்டும் வராதா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவர் மேல் தப்பில்லை. சொல் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

நான் சொல்வது 'தடம்'. ஜாக்கில் நுழைந்து, வால்யூம் கன்ட்ரோலைத் தாண்டி, வால்வுக்குள் நுழையும் முனையான கிரிட்டைத் தொட்டு, வெளியே வரும் முனையான பிளேட்டில் பெருகி, கப்ளிங் கெப்பாசிட்டர் வழியாக வெளியேறும் பாதை. இடத்தடம், வலத்தடம். பழுது பார்ப்பதும் தடம் பிடித்துப் போவதுதானே. பக்கத்துக்கு ஒரு 12ஏயு7 வால்வு இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை அடுத்த பக்கம் போனால் குற்றவாளி வால்வு. (இழை சிவந்து எரிவதை வைத்து வால்வு நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள்.) ஊமை நகரவில்லை என்றால் கோளாறு தடத்தில். 1, 6 ஆம் கால்களில் பிளேட் வோல்டேஜை அளந்தால், சப்ளை அளவு அப்படியே நிற்கிறதா? வால்வில் மின்னோட்டம் இல்லை; 3, 8 ஆம் கால்களில் 'கேத்தோட்' (எலக்ட்ரானை வெளிவிடும் முனை) சாலிடர் விட்டிருக்கலாம். சப்ளை இருந்தும் பிளேட்டில் பூஜ்யமா? பெரும்பாலும் பிளேட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும். சரி, ஒரு எச்சரிக்கை: அணைத்த பிறகும் சப்ளை கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப் போடும் மின்சாரம் நிற்கும், அதை இறக்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

'கால்வாய்' என்பார்கள் சிலர். வேருக்கு உண்மையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இடது கால்வாயில் ஓசை வரவில்லை" என்றால் மதகைத் திறக்கத்தான் ஆள் தேடுவார்கள். தடம் என்றால் ஒலிப்பதிவின் 'ட்ராக்' ஆகாதா என்றும் கேட்கலாம். ஆகும். ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒலிப்பதிவு ஏது, குழம்புவதற்கு? இந்தச் சொல்லும் பிடிக்காதவர்கள் 'சேனல்' என்றே எழுதட்டும். தமிழ் மாதிரி தோன்றும் தவறான சொல்லைவிட, சரியான பொருள் தரும் கடன்சொல் எவ்வளவோ மேல்.

அப்புறம் இந்த 'இறந்த'. மனிதர் இறப்பார், பேட்டரியும் போனும் செத்துப்போகும். ஆம்ப்ளிஃபயருக்கு அதுகூட வேண்டாம். ரேடியோவைக் கழற்றி மாட்டுகிறவர்கள் "ஒரு பக்கம் பாடமாட்டேங்குது" என்பார்கள். 'இடத்தடம் பாடவில்லை' என்று எழுத என்ன தடை? சாலிடர் இரும்பைத் தொடாதவர் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் தடை. அதே வழிகாட்டியில் நாலு பத்தி தள்ளி, 'நிலம் சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்' என்று வேறு இருக்கிறது. கிரவுண்டைச் சொல்கிறாராம். எர்த் என்றிருந்தால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.