பெயிண்ட்டுக்கு அடங்காத ஈரம்

தரையை ஒட்டிய சுவரில் பெயிண்ட் கொப்பளித்து, பூச்சு மாவாக உதிர ஆரம்பித்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: சுரண்டிவிட்டு, புட்டி வைத்து, நீர் புகாத பெயிண்ட் அடிப்பது. கொஞ்ச நாள் சுவர் பளிச்சென்று இருக்கும். அப்புறம் அதே கொப்புளம் இன்னும் சற்று மேலே கிளம்பும்.

செங்கலும் சிமெண்ட் பூச்சும் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுக்க நுண்துளைகள். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, ஈர மண்ணில் நிற்கும் சுவர் தண்ணீரை மேலே இழுக்கிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். துளை குறுகக் குறுக, ஏறும் உயரம் கூடும். 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சுமார் 1.5 செ.மீ. ஏறும், ஆரம் அதில் நூறில் ஒரு பங்கானால் 1.5 மீட்டர். செங்கல்லில் அதைவிடச் சன்னமான துளைகளும் உண்டு. அந்தக் கணக்குப்படி ஓதம் மாடிக்கே போயிருக்க வேண்டும். போவதில்லை, ஏனென்றால் ஏறும் வழியெல்லாம் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கீழிருந்து வருவதும் ஆவியாகிப் போவதும் சமமாகும் உயரத்தில் ஈரக்கோடு நின்றுவிடும். பெரும்பாலும் ஒரு மீட்டர் வாக்கில்.

நீர் புகாத பெயிண்ட் அடைப்பது இந்த ஆவியாகும் வழியைத்தான். தண்ணீர் என்ன செய்யும்? இடம் தேடி இன்னும் மேலே ஏறும்.

ஆனால் பூச்சை உடைப்பது தண்ணீரைவிட, அது கரைத்துக் கொண்டுவரும் உப்புதான். சல்பேட், நைட்ரேட், குளோரைடு எல்லாம் மண்ணிலிருந்தும் செங்கல்லிலிருந்தும் வரும். நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடும். சுவரின் மேல் வெள்ளையாகப் பூத்தால் பெரிய சேதமில்லை, துடைத்துவிடலாம். பூச்சுக்கு உள்ளேயே படிகமானால், வளரும் படிகம் துளைகளை நெம்பிப் பிளக்கும். போதாததற்கு, இந்த உப்புகளில் சில காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்த்துப்போகும். கசிவை நிறுத்திய பிறகும் சுவர் நசநசவென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

சரி, எல்லா ஈரமும் தரையிலிருந்து வருகிறதா? இல்லை. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் 17 கிராம்தான். குளியலறை, சமையலறை நீராவி குளிர்ந்த மூலையைத் தொட்டால் மீதி அங்கேயே படிந்துவிடும். பீரோவுக்குப் பின்னால் கரும்பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு அஸ்திவாரத்தைத் தோண்டிப் பயனில்லை, காற்றோட்டம் வேண்டும்.

எது எது என்று தெரிய, ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர் கோத்தால் அது காற்றிலிருந்து வந்தது. சுவர்ப் பக்கத்தில் கோத்தால் பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டு, உடைந்த குழாய், கசியும் சாக்கடை, அஸ்திவாரத்தின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேல் குவிந்து கிடக்கும் மண் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.