தொலைவில் இருந்தபடி சேர்ந்து பாட்டுப் பதிவு செய்வோர் கவனத்திற்கு

சேலத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். கல்லூரிக் காலத்தில் ஒன்றாக வாசித்து, பிறகு வேலைக்காக ஆளுக்கொரு திசையில் பிரிந்த நண்பர்கள் மீண்டும் சேர்ந்து பாட்டுப் போட வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் வேலை. ஆனால் முன்கூட்டிப் பேசிவைக்காத ஒரு சிறு விஷயத்தால் அவர்களுடைய பல வார உழைப்பு வீணாவதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு குழுவில் பாடகர் சேலம் அம்மாபேட்டையிலும், பேஸ் கிட்டார் வாசிப்பவர் லண்டனிலும், புல்லாங்குழல் கலைஞர் ஏற்காட்டிலும் இருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த பேஸ், முதல் சுரத்திலேயே சுருதி இறங்கி, போகப்போகத் தாளத்திலும் பின்தங்கியது. அவர் சரியாக வாசிக்கவில்லை என்றே எண்ணி மறுபடியும் வாசிக்கச் சொன்னோம். அதுவும் அப்படியே வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர் 48,000 சாம்பிள் ரேட்டில், அதாவது ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து பதிவு செய்திருக்க, நான் 44,100இல் வேலை செய்திருக்கிறேன். என் மென்பொருளும் கோப்பை மாற்றாமல் அப்படியே திறந்துவிட்டது. 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 21 நொடியாக நீண்டு, சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கியிருந்தது. வாசித்தவர் மீது பிழை துளியும் இல்லை. எந்த ரேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்று முதல் நாளே சொல்லாதது என் தவறு.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம், பாடுபவரும் வாசிப்பவரும் ஒரே இடத்தில் கூடிப் பதிவு செய்த அந்தக் காலம் நினைவுக்கு வரும். ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் கண்ஜாடையிலேயே சரிசெய்துகொள்ளலாம். தொலைவில் இருப்பவர்களுக்கு அந்தக் கண்ஜாடை இல்லை. ஆகவே எல்லாவற்றையும் முன்னதாகவே வார்த்தையில் சொல்லியாக வேண்டும்.

வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசித்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சேலத்துக்கும் லண்டனுக்கும் இடையே 8,000 கிலோமீட்டருக்கு மேல். வழியில் எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் 40 மில்லிசெகண்டு போய்விடும். காற்றில் ஒலி 14 மீட்டர் கடக்க ஆகும் நேரம் அது, ஆகவே அவ்வளவு தள்ளி நிற்பவரின் தாளத்தைக் கேட்டு வாசிப்பதற்குச் சமம். நம் வாசிப்பு அவரை அடைய இன்னொரு 40. இத்தனைக்கும் நடைமுறையில் தாமதம் இதைவிட அதிகமாகவே இருக்கும். எனவே தாளத்தைக் காட்டும் கிளிக் ஒலியோடு கூடிய ஒரே கைடு டிராக்கை, அதாவது வழிகாட்டும் மாதிரிப் பதிவை, எல்லோருக்கும் அனுப்பி, அதைக் கேட்டபடி ஒருவர் பின் ஒருவராகப் பதிவு செய்வதே நல்லது.

அப்படிச் செய்யும்போது, குழல் இரண்டாவது நிமிடத்தில்தான் நுழைகிறது என்றாலும் அதன் கோப்பு கைடு டிராக்கின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையென்றால் எங்கே பொருத்துவது என்று நான் காதால் தேடிக்கொண்டிருக்க நேரும். எம்பி3 வேண்டாம், சுருக்கும்போது தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்து டிராக் தள்ளிப்போகும். சுருக்காத 24 பிட் வேவ் (WAV) கோப்பாக 4 நிமிட மோனோ டிராக் 35 எம்பி அளவுதான் வரும். எக்கோ சேர்க்காமல், இரைச்சல் நீக்காமல் பதிந்தபடியே அனுப்புங்கள். அம்மாபேட்டைப் பாடகரின் பதிவில் பக்கத்து வீட்டு விசைத்தறியின் சத்தம் இருந்தது. அதை அவரே மென்பொருளில் நீக்க முயன்றபோது குரலின் ஈரமும் சேர்ந்து போய்விட்டது. தறி நின்ற பிறகு, ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு மறுபடி பாடினார்.

பாட்டு வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருடையது என்பதையும் வெளியிடும் முன் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இவை தனித்தனி உரிமைகள்.

ஏற்காட்டுக் குழல்தான் எங்களை அதிகம் சோதித்தது. டிசம்பர் விடியலில் அமைதி இருக்கும் என்று அவர் ஐந்து மணிக்கு எழுந்து வாசித்து அனுப்பியதெல்லாம் சுருதியில் சற்றுத் தாழ்ந்தே நின்றது. குளிர்காற்றில் குழலின் சுருதி இறங்கும். மூங்கில் குழலுக்கு வீணையைப்போல் முறுக்கிச் சரிசெய்யப் பிரடை கிடையாது. பகல் பதினொரு மணிக்கு மேல், குழலை உள்ளங்கைகளில் வைத்துச் சூடேற்றி, பத்து நிமிடம் ஊதிப் பழக்கி, கைடு டிராக்கின் சட்ஜமத்தோடு ஒத்துப்பார்த்த பிறகு பதிவு செய்யச் சொன்னேன். அன்று மாலை வந்த கோப்பை எந்தத் திருத்தமும் இல்லாமல் பாட்டில் வைத்தேன்.