மூன்று இலை இருந்தால் குளோவர் ஆகிவிடுமா?

போன வாரம் எங்கள் தொண்டூழியர் குழுவில் ஓர் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் புளோக்குக்குப் பின்னால் கம்பிவேலி முழுக்கப் பச்சைப்பசேலென்று ஒரு கொடி. "குளோவர்தானே தம்பி, மண்ணுக்கு நல்லதாமே, சமூகத் தோட்டத்துக்குக் கொஞ்சம் கொண்டு வரட்டுமா?" வேண்டாம் அக்கா என்று உடனே பதில் போட்டேன். காரணத்தை வாட்ஸ்அப்பில் தட்ட முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

குளோவர் மூன்று சிற்றிலை கொண்ட குளிர்நாட்டுச் செடி, நம் சிங்கப்பூர் வெக்கையில் தானாக முளைத்து நிற்பது அபூர்வம். தரையோடு கிடக்கும், வேலி ஏறாது. சிற்றிலை இதய வடிவில் இருந்து, மென்றால் புளித்தால் அது புளியாரை. அக்காவின் படத்தில் இருந்தது கலோபோகோனியம் என்ற கொடி, அதற்கும் மூன்று சிற்றிலைதான். தண்டைத் தொட்டாலே தெரிந்துவிடும், துரு நிற முடி அடர்ந்திருக்கும், இலையின் இரு பக்கமும் முடிதான். சின்ன நீலப் பூ, முடி மூடிய குட்டைக் காய். இதோடு கலந்தே வரும் சென்ட்ரோசீமாவுக்கு முடி குறைவு, சங்குப்பூச் சாயலில் வெளிர் ஊதாப் பூ, தட்டையான நீளக் காய்.

இரண்டும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. மலாயா ரப்பர் தோட்டங்களில், நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய நிரைகளுக்கு நடுவே, மண் அரிக்காமல் இருக்க மூடுபயிராக விதைத்தார்கள். வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும், படர்ந்த கொடி மற்ற களைகளை மூடி அமுக்கிவிடும். தோட்டத்துக்கு அது வரம்தான்.

காட்டோரத்தில் அதே குணம்தான் வினை. கெண்ட் ரிட்ஜ் பக்கம் போய்ப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் காசுக்கட்டி, மிளகுத் தோட்டங்கள் போட்டுச் சத்தை உறிஞ்சிய மண்ணில் முளைத்த காடு அது. அந்த ஏழை மண்ணுக்குப் பழகிய மரங்களும், பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகளும் அங்கே இருக்கின்றன. வெளியூர்ச் செடிகள் உள்ளே நுழையாமல் தடுக்கும் காவலே அந்த வறுமைதான். அங்கே போய் நைட்ரஜன் சேர்த்தால், வேகமாக வளரும் களைக்கு நாமே விருந்து வைத்த மாதிரி.

புதிதாக நட்ட கன்றுகள் பாடு இன்னும் மோசம். கொடி உச்சிக்கு ஏறி வெயிலை மறைக்கும், மழை பெய்தால் அந்த ஈரப் பாரத்தில் இளந்தண்டு வளைந்துவிடும். 1 மீட்டர் கன்று பச்சைப் போர்வைக்குள் எங்கே போனதென்று தேடி எடுத்திருக்கிறேன்.

அதற்காக மூன்று இலை கண்டதையெல்லாம் பிடுங்கக் கிளம்பாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடற்கரையில் தடித்த இலைக் கொடி ஒன்றைப் பாதி இழுத்துப் போட்டுவிட்டேன். அது கடற்கரை அவரை, நம் மண்ணின் சொந்தச் செடி, மணலைப் பிடித்து வைப்பதே அதுதான். மேலதிகாரி அன்று திட்டியது நியாயம்.

பூங்காவிலும் காப்புக்காட்டிலும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம், அனுமதியில்லாமல் செடி பிடுங்குவது குற்றம். தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லுங்கள். சமூகத் தோட்டத்தில் என்றால், காய் முற்றுவதற்கு முன் இறங்குங்கள். மேலே அறுத்து விட்டால் போதாது, தரையில் ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும், ஒவ்வொன்றையும் தோண்டி எடுக்கணும். காய் பிடித்ததை உரக்குழியில் போடாதீர்கள். விதைத்தோல் கெட்டி, மண்ணில் காத்துக் கிடந்து பிறகு முளைக்கும்.

அப்புறம் அக்கா, அடுத்த முறை இலையை மட்டும் படம் எடுக்காமல் தண்டு, பூ, காய் மூன்றையும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள்.