பைப்லைன்: குழாயா, தொடரா?

கணினித் துறையில் வழங்கும் 'பைப்லைன்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'பைப்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'பிப்பாரே', அதாவது குஞ்சு கீச்சிடுவது. அதிலிருந்து ஊதுகுழலுக்குப் பெயராகி, பிறகு உட்துளையுள்ள எதற்கும் ஆகிவந்தது. தமிழில் 'குழல்' புல்லாங்குழலையும் துப்பாக்கிக் குழலையும் குறிக்கிறதே, அதே போக்குத்தான். 1860-களில் பென்சில்வேனியாவில் கச்சா எண்ணெய் கொண்டுசெல்லப் பதித்த குழாய்களுக்குப் பெயர் பைப்லைன்.

கணினியில் இதற்கு வித்திட்டவர் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய். தோட்டத்துக் குழாய்களை இணைப்பதுபோல் நிரல்களை இணைக்க வழி வேண்டும் என்று 1964-இல் எழுதிவைத்தார். 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் செய்து காட்டினார். நிரல்கள் ஒரே நேரத்தில் இயங்க, ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகப் பாய்கிறது. இதற்குக் 'குழாய்' கச்சிதமான பெயர்.

கன்டினியூவஸ் இன்டெக்ரேஷன் என்பது நிரலாளர்களின் மாற்றங்களை உடனுக்குடன் ஒன்றிணைத்துச் சோதிக்கும் முறை. அதன் பைப்லைன் வேறு வகை. நிரல்மூலத்தில் மாற்றம் சேர்ந்ததும் தொகுத்தல், சோதித்தல், நிறுவுதல் எனப் பணிகள் ஒவ்வொன்றாக நடக்கும். ஒன்று தோற்றால் அடுத்தது பொதுவாகத் தொடங்கவே தொடங்காது. பாய்வது என்று எதுவும் இல்லை. இதைக் 'குழாய்வழி' என்பது சொல்லைப் பெயர்த்துவிட்டுப் பொருளைக் கைவிடுவது. 'பணிவரிசை' என்றால் காத்திருக்கும் வேலைகளின் 'கியூ' நினைவுக்கு வரும். என் தேர்வு 'பணித்தொடர்'. முன்னால் வரும் 'கன்டினியூவஸ் இன்டெக்ரேஷன்' என்பதற்கு வழக்கிலுள்ள 'தொடர் ஒருங்கிணைப்பு' சேர்ந்தால் இரண்டு 'தொடர்' இடிக்கும். 'இடையறா ஒருங்கிணைப்பு' என்றால் காதுக்கும் இதம்.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லாசை அல்ல. கட்டளை வரியில் குழாயும் பணித்தொடரும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. நிரல்மூலங்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் 'ஜிஎச் ரன் வாட்ச்' கட்டளை, பணித்தொடரின் நிலையை வழக்கமாக 3 நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும். 'எக்ஸிட் ஸ்டேட்டஸ்' விருப்பத்தையும் சேர்த்தால், பணித்தொடர் தோற்றபோது சுழியம் அல்லாத எண்ணைத் திருப்பித் தரும். அந்த வெளியீட்டைப் பதிவுசெய்ய, திரையில் காட்டியபடியே கோப்பிலும் எழுதும் 'டீ' நிரலுக்குக் குழாய் வைத்தால் சிக்கல்: கட்டளைகளை வாங்கி இயக்கும் 'பாஷ்' என்ற ஓடு (ஷெல்), குழாயின் கடைசி நிரலின் முடிவை மட்டுமே பார்க்கும். 'டீ' ஒழுங்காக எழுதி முடித்திருக்கும். எனவே விடை சுழியம், அதாவது வெற்றி. குழாயில் எந்த நிரல் தோற்றாலும் அதைத் தோல்வியாகவே கொள்ளும் 'பைப்ஃபெயில்' அமைப்பை முன்னதாக இயக்கிவைத்தால் பணித்தொடரின் தோல்வி குழாயைத் தாண்டி வெளியே தெரியும்.